எண்ணெயின் வரலாறும் நமது தேகநலமும்



சென்ற தை மாதத்தில் எம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையை இழந்தான். அவர்க்கு வயது நாற்பத்தாறே. எண்ணெய் வியாபாரத்தில் இருபது வருஷம் பழகியவர். பகலெல்லாம் கடையில் அமர்ந்திருந்து, இரவு வீடு திரும்புங்கால் பரோட்டாப் பொட்டலம் ஒன்றைக் கையிற் கொண்டு வருவது அவர் வழக்கம். மார்பு நோகிறதென்று சொன்னவர் மருத்துவமனை சேருமுன் மாண்டார். பதினாறாம் நாட் கருமம் கழிந்து பள்ளிக்கு வந்த அச்சிறுவன், பாடம் முடிந்தபின் எம்பால் தனித்து வந்து, “ஐயா, அம்மா தங்களிடம் ஒன்று கேட்டுவரச் சொன்னார்கள். இனி வீட்டுக்கு எந்த எண்ணெய் வாங்கவேண்டும்?” என்று வினவினான். எண்ணெய் விற்ற இல்லத்திலேயே இவ்வினா பிறந்தமை எம் நெஞ்சைத் தைத்தது. தமிழாசிரியராகிய யாம் அவனுக்கு அன்று விடை கூற இயலாது நின்றோம். பின்னர் நூல்களைத் தேடியும், மருத்துவ அன்பர்களை உசாவியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். அவ்வினா அச்சிறுவனுடையது மட்டுமன்று. நம் உறவின்முறையைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டின் அடுக்களைக்கும் உரியது.

முதற்கண் சொல்லின் வரலாற்றைக் காண்போம். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. பண்டைத் தமிழில் நெய் என்னுஞ் சொல் ஆவின் நெய்க்கும், வித்துக்களின் நெய்க்கும் பொதுவாய் வழங்கிற்று. எள்ளின் நெய்யே மிகுதியாய்ப் புழங்கியமையால் அதன் பெயரே நாளடைவில் எல்லா நெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. பின்னர்ப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டவேண்டி, எள்ளின் எண்ணெயை ‘நல்லெண்ணெய்’ என்றனர். வடமொழியிலும் இவ்வாறே எள்ளுக்குத் திலம் என்று பெயர். அதனின்றும் பிறந்ததே தைலம். மேனாட்டார் வழங்கும் ‘ஆயில்’ என்பதும் ஆலிவ் மரத்தின் பெயரினின்றும் வந்ததே. எந்நாட்டார்க்கு எவ்வித்து வாய்த்ததோ, அவ்வித்தே அவர்தம் எண்ணெய்க்குப் பெயர் தந்தது. ஹரப்பாவில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சியில் கருகிய எள் கிடைத்துள்ளது. ஆகலின் இப்பயிரின் தொன்மை நாலாயிரம் வருஷத்துக்குக் குறையாதது.

இத்துணைத் தொன்மையுடையதாயினும், எண்ணெய் நம் முன்னோர்க்கு எளிதிற் கிடைத்த பொருளன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைக் காண்க. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அவியாது எரிதற்குத் தொண்ணூறு ஆடுகளேனும், தொண்ணூற்றாறு ஆடுகளேனும் கொடையாக விடப்பட்டன. ஒரு விளக்கின் நெய்க்கு ஒரு மந்தை வேண்டியிருந்தது. நம் கரிசற்காட்டிலோ மழை அரிது. கம்பும், சோளமும், குதிரைவாலியும், பருத்தியுமே விளைவு. கம்பங்கூழுக்கும் சோளச்சோற்றுக்கும் எண்ணெய் வேண்டுவதில்லை. குழம்பு தாளிக்கச் சிறிது, துவையலுக்குச் சிறிது, ஆடவர் சனியும் புதனும், பெண்டிர் வெள்ளியும் செவ்வாயும் தலை முழுகச் சிறிது. பூப்பெய்திய பெண்ணுக்கும், மகப்பேறுற்ற தாய்க்கும் உளுந்தங்களியில் கருப்பட்டியோடு நல்லெண்ணெயை மனமுவந்து வார்த்தனர்; உடல் தேறவேண்டிய காலம் அதுவாகலின். முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கும் திருமணத்துக்கும் உரியன. நாடோறும் சட்டி வைத்துப் பொரிப்பார் இலர். “வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்னும் பழமொழி பிறந்த காலம் அது. செக்காட்டும் வாணியர்பால் எண்ணெய் வாங்கி உண்ணுதலும் முழுகுதலும் நலம் என்பது, எண்ணெய் குறைவாய்க் கிடைத்த காலத்துக்கு முற்றும் பொருந்திய அறிவுரை. அதனையே இன்று எண்ணெய்க் குப்பியின்மேல் அச்சிட்டு, ஊற்று ஊற்று என்று சொல்லுதல் பழமொழிக்குச் செய்யும் அநீதி.

பழையன யாவும் நல்லன என்று யாம் கூற வந்தோமல்லேம். நீலகிரியில் குன்னூரில் 1918-ம் வருஷம் தொடங்கிய சிறியதோர் ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரால் விளங்குகின்றது. அதனைத் தொடங்கிய இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதியார் உண்ணும் உணவுகளை வெள்ளெலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டு நோக்கினார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்து, பாலும் நெய்யும் அருகிய சென்னை இராஜதானியின் உணவை உண்டவையோ இளைத்துக் கிடந்தன. கொழுப்பு பகையன்று, அஃது இன்றேல் உடல் தழைக்காது, ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துக்கள் அதனைச் சார்ந்தே உடலிற் சேரும். நம் பாட்டன்மார் உடலுக்கு எண்ணெயின் குறைவு ஒரு குறை. நம் உடலுக்கோ அதன் மிகை ஒரு குறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது?

கடலும் இரயிலும் வந்தன. தென் அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய நிலக்கடலை கப்பலேறி நம் நாடு சேர்ந்தது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகரது பெயரால் அதனை மணிலாக்கொட்டை என்று இன்றும் தமிழ்நாட்டின் வடபகுதியார் வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த கடலை, புதுச்சேரித் துறையினின்றும் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்துக்குச் சென்று சோப்புக்கு எண்ணெய் தந்தது. ஏற்றுமதிக்காகப் பரவிய பயிரே பின்னர் நம் வாணலிக்கும் வந்தது. எள்ளினும் மிகுதியாக விளைந்தமையாலும், இயந்திரச் செக்கில் எளிதாக ஆட்டப்பட்டமையாலும் கடலை எண்ணெய் மலிவாயிற்று.

நம் ஊரின் ஏற்றமும் இதனோடு பின்னிக் கிடக்கின்றது. மதுரையினின்றும் தூத்துக்குடிக்கு 1876-ல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது விருதுபட்டி அப்பாதைமேல் அமைந்த சந்தை ஊர். 1923-ல் அது விருதுநகர் என்னும் பெயர் பெற்றது. ஈண்டு விளைவது சிறிது, விலை பேசப்படுவதோ பெரிது என்று அயலூரார் வியந்து கூறுவர். பருத்தி, மல்லி, வற்றல், பருப்பு, கடலை, எண்ணெய் ஆகியவை இச்சந்தையில் ஏறி இறங்கின. ஒவ்வொரு மூட்டைக்கும் நம் பெரியோர் மகமை வகுத்தனர். அம்மகமையால் கோயிலும், சாவடியும், கல்விச்சாலையும் எழுந்தன. க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியதும், வீடுதோறும் பிடி அரிசி தந்து அதனை ஊரார் வளர்த்ததும் நாம் பெருமையோடு நினைவுகூர்வன. பெருந்தலைவர் காமராசர் அக்கல்விச்சாலையில் பயின்றவர். எண்ணெய் மகமையால் எழுத்தறிந்த சமூகம் நம்முடையது. எண்ணெயைக் குறித்து அறிவோடு பேசும் கடனும் நமக்கு உண்டன்றோ?

அடுத்து வந்தது வனஸ்பதி. ஜெர்மனி தேசத்து வில்ஹெல்ம் நார்மன் என்பார், திரவமான எண்ணெயில் நிக்கல் தூளின் துணையால் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, நெய்போல உறையச் செய்யும் முறைக்கு 1902-ல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1937-ல் ‘டால்டா’ வந்தது. மஞ்சள் தகரக் குவளையும், அதன்மேல் எழுதிய பனையினத்து மரமும் நம்மில் மூத்தோர் கண்முன் இன்றும் நிற்கும். குவளை காலியானபின் துளசி நட்ட வீடுகள் பல. நெய்யின் தோற்றம், நெய்யிற் குறைந்த விலை, கெடாது நெடுநாள் இருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து கல்யாண வீட்டுச் சமையலை அது கைப்பற்றிற்று.

நெய்யில் அதனைக் கலந்து விற்போர் தோன்றவே, அரசினர் ஓர் உபாயம் கண்டனர். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கேனும் நல்லெண்ணெய் சேர்த்தல் வேண்டும் என்பது விதி. நல்லெண்ணெய் சிறிது கலந்திருப்பினும், அமிலத்தோடு ஃபர்ஃபுரால் என்னும் பொருளைச் சேர்த்துக் குலுக்கச் செந்நிறம் காட்டும். எனவே நெய்யில் வனஸ்பதி ஒளிந்திருப்பின் எள் காட்டிக்கொடுக்கும். நம் எள், கலப்படத்துக்குச் சாட்சி சொல்லும் பணியையும் செய்தது என்க. 1950-ல் தாகூர் தாஸ் பார்கவா என்பார் வனஸ்பதியையே தடுக்கவேண்டும் எனப் பாராளுமன்றத்தில் மசோதா கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை.

அக்காலத்தார் நெய்யின் தூய்மையைக் குறித்து வாதிட்டனர். உண்மையான தீங்கோ அவர் அறியாத இடத்தில் இருந்தது. எண்ணெயை அரைகுறையாய் உறையச் செய்யுங்கால், இயற்கை எண்ணெய் வித்துக்களில் இல்லாத வடிவுடைய கொழுப்பு உண்டாகின்றது. அதனை டிரான்ஸ் கொழுப்பு என்பர். 1990-ல் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் மென்சிங்க், கட்டான் என்பார், அக்கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி, நல்லதனைத் தாழ்த்துகின்றது என்று காட்டினர். தீயது மிகுந்தால் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் கசடு படிந்து வழி குறுகும். ஒருநாள் அவ்வழி அடைபடும். இதனையே மாரடைப்பு என்கின்றோம். டிரான்ஸ் கொழுப்பினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 5 இலட்சம் பேர் மடிகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறிவித்தது. நம் நாட்டில் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் இதன் அளவு 2021 ஜனவரி முதல் நூற்றுக்கு 3 எனவும், 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 எனவும் குறைக்கப்பட்டது. டால்டா வந்து எண்பத்தைந்து வருஷம் ஆகவேண்டியிருந்தது!

மூன்றாவதாக வந்தது பாமாயில். பெயரைக் கேட்டு நம் பனைமரத்தின் எண்ணெய் என்று கொள்வாரும் உளர். அஃது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு உரிய வேறொரு மரம். 1917-ல் மலேயாவில் வாணிகத்துக்கென அதனை முதலிற் பயிரிட்ட தோட்டம் சிலாங்கூரைச் சேர்ந்தது. அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’ என்பது அறிந்து யாம் வியந்தோம். தமிழ்ப்பெயர் தாங்கிய அத்தோட்டத்தில் தொடங்கிய பயிர், இன்று மலேசியாவையும் இந்தோனேசியாவையும் நிறைத்து, உலகின் வாணலிகளையும் நிறைத்துள்ளது. இந்திய மக்கள் உண்ணும் எண்ணெயிற் பாதிக்குமேல் கப்பலில் வருவதே. அதனுள் பாமாயில் முதன்மையுடையது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் அது வழங்கப்படுகின்றது. ஏழை மக்கட்கு எண்ணெய் கிடைக்கச் செய்த அந்நலத்தை யாம் குறைகூறோம். ஆயினும் அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி உறையும் இயல்புடைய நிறைவுற்ற கொழுப்பு என்பதை உண்போர் அறிதல் வேண்டும்.

இவ்வரலாற்றை நோக்கின் ஓர் உண்மை விளங்கும். எள்ளினின்று கடலைக்கும், கடலையினின்று வனஸ்பதிக்கும், அதனின்று பாமாயிலுக்கும் நாம் மாறியது எந்த மருத்துவர் சொல்லியுமன்று. விலையும், கப்பலும், இயந்திரமும் நம்மை மாற்றின. ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணெய் மலிந்தது, மலிந்தது மிகுந்தது. 1960-61-ல் இந்தியர் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த சமையல் எண்ணெய் 3.2 கிலோ, வனஸ்பதி 0.8 கிலோ. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 11 கிராம். 2024-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி அது 19.7 கிலோ, அதாவது நாளொன்றுக்கு 54 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போதும் என்று கூறும் அளவோ ஆண்டுக்கு 12 கிலோ. அன்று போதாது, இன்று போதும் என்ற எல்லையைக் கடந்து நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

நம் ஜில்லாவில் அம்மிகை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டுவதில்லை. சாத்தூர்க் காராச்சேவும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் நம் பெருமைகள். விருதுநகர்ப் பரோட்டாவோ வேற்றூர்ப் பரோட்டாவைப்போலக் கல்லில் வாட்டப்படுவதன்று. எண்ணெயில் மிதந்து பொரிவது. அதன் சுவையை யாம் மறுப்பேமல்லேம். எம் இளமையில் யாமும் விரும்பி உண்டதே. சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பகலெல்லாம் உழைத்துத் திரும்பும் தாய்மார்க்கு இரவில் அடுப்பு மூட்ட வலிவேது? பொட்டலம் வாங்குவதைப் பழிப்பது அறமாகாது. ஆனால் தவிடு நீங்கிய மைதா, அதன்மேல் எண்ணெய், அதனையும் பலமுறை காய்ந்த எண்ணெயிற் பொரித்தல் என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்த உணவு வாரத்துக்கு ஒருமுறை விருந்து. நாடோறும் உண்ணின் நஞ்சு.

மீண்டும் மீண்டும் காய்ச்சுதலைக் குறித்துத் தனியே கூறவேண்டும். எண்ணெய் ஒவ்வொருமுறை காயும்போதும் காற்றோடும் நீரோடும் கூடிச் சிதைகின்றது. கறுத்து, தடித்து, நுரைத்துக் காறல் நாற்றம் வீசுகின்றது. இச்சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணெயைப் பெற்று இயந்திர எரிபொருளாக மாற்றும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. ஆகலின் கறுத்த எண்ணெயை வீசவும் வேண்டா. மலிவாக மற்றொரு கடைக்கு விற்கவும் வேண்டா. அதற்குரிய வழி உண்டு.

இனி அச்சிறுவன் வினாவுக்கு வருவோம். எந்த எண்ணெய்? எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரியே தரும். செக்கில் ஆட்டியதும், ஆலையில் சுத்திகரித்ததும் இதில் வேறுபடா. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாத கொழுப்பே பெரும்பகுதி. நல்லெண்ணெயில் உள்ள சீசமின் முதலிய பொருள்கள் அது விரைவிற் காறாமல் காக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயும் நிறைவுறாத கொழுப்பு மிக்கதே. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறளவும், நெய்யில் அறுபதுக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. அவற்றைச் சுவைக்குச் சிறிதே சேர்க்க. வனஸ்பதியை விலக்குக. தாளிக்க நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாறிமாறி வைத்துக்கொள்ளுதல் நலம். எதனை வாங்கினும் ஆளொன்றுக்கு மாதம் ஒரு கிலோவுக்கு மிகாதிருத்தல் வேண்டும். கடையில் அமர்ந்து தொழில் செய்வோர்க்கு அதனினும் குறைவே போதும். மாதத் தொடக்கத்தில் அளந்து ஒரு பாத்திரத்தில் வைத்து, அது தீருமளவும் வேறு வாங்காதிருத்தலே எளிய வழி.

குப்பியின்மேல் ‘கொலஸ்டிரால் இல்லை’ என்று எழுதியிருத்தலைக் கண்டு மயங்கவேண்டா. வித்துக்களின் எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் கிடையாது. ஆகலின் அது மெய்யே, ஆயின் பயனற்ற மெய். நல்லெண்ணெய்க்கு ‘இதயம்’ என்று பெயரிட்டு நாடெங்கும் விற்ற வாணிகக் குடும்பம் நம் ஊரினது. அப்பெயரை நினைக்குந்தோறும், விற்பவர்க்கு வாங்குவோர் இருதயத்தின்மேலும் கடன் உண்டு என்பது எமக்குத் தோன்றும்.

அச்சிறுவனின் தந்தை மறைவுக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று யாம் கூறோம். புகையிலை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், அசையாத வாழ்க்கை ஆகியனவும் இருதயத்தை நலிவிக்கும். நாற்பது கடந்த ஆடவரும் பெண்டிரும் ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. எனினும் நம் கையில் உள்ளதை நாம் செய்தல் வேண்டும். நம் உறவின்முறைத் திருமண மண்டபங்களில் ஒருவேளை பொரித்த எண்ணெயை மறுவேளைக்கு எடுத்துவைத்தலை நிறுத்துவோமாக. விருந்தில் பொரியல் வகை நான்கு இருப்பின் இரண்டாகக் குறைப்போமாக. நம் கல்விச்சாலைச் சிற்றுண்டிக் கடைகளில் வறுத்த கடலையும், சுண்டலும், பழமும் முன்நிற்குமாக. பிடி அரிசியால் பள்ளி கட்டிய சமூகத்துக்கு, கரண்டி எண்ணெயைக் குறைத்து உயிர் காத்தல் அரிதாகுமோ?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தும், அதனுள் எந்த மருந்தின் பெயரையும் கூறிற்றிலர். முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதையே மருந்தாக வைத்தார். மாணவனுக்கு யாம் சொன்ன விடையும் அதுவே. “தம்பி, எந்த எண்ணெய் என்று கேட்டாய். எவ்வளவு எண்ணெய் என்று கேட்குமாறு அம்மாவிடம் சொல்” என்றோம். அவன் தலையசைத்துச் சென்றான். மறுநாள் ஒரு தாளில் தன் வீட்டார் மூவர்க்கு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு வந்து காட்டினான். கணக்குச் சரியாயிருந்தது. மூவர் என்று அவன் எழுதியிருந்ததைக் கண்டபோதுதான் எம் கண் கலங்கிற்று. அப்பாவையும் சேர்த்து நால்வர் என்று எழுதும் பேறு நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் நெடுநாள் வாய்ப்பதாக!